ரத்தத்தில் செரட்டோனின் கூடினால் ஆட்டிசமா?

கேள்வி: எனக்கு வயது 34. சின்ன வயதிலிருந்தே கூட்டம், இரைச்சல் எதுவும் ஒத்துவராது. ஆட்டிசமாக இருக்குமோ என்று நானாகவே ரத்தத்தில் செரட்டோனின் (நரம்புகள் சேதி கடத்தப் பயன்படுத்தும் ஒரு ரசாயனம்) அளவைப் பார்த்தேன். அதிகம் என்று வந்திருக்கிறது. இதை வைத்து முடிவு செய்யலாமா? குறைக்க மருந்து வேண்டுமா?

பதில்: இரண்டுக்குமே வேண்டாம் என்பதுதான் பதில். ஆனால் உங்கள் சந்தேகம் ஆதாரமில்லாதது அல்ல. ஆட்டிசம் உள்ள சிலருக்கு ரத்தத்தில் செரட்டோனின் கூடியிருப்பதை 1961-லேயே கண்டிருக்கிறார்கள். பிறகு எத்தனையோ ஆய்வுகள் வந்தும், ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் அப்படி இருக்கிறது. அதுவும் பெரும்பாலும் குழந்தைகளிடம் பார்த்த கணக்கு. பருவமடைந்த பிறகு இந்த வித்தியாசம் தெரியவில்லை என்று சொல்லும் ஆய்வும் உண்டு.

சரி, நீங்கள் அளந்தது எதை? உடம்பிலுள்ள செரட்டோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில் உருவாவது. அது ரத்தத்துக்கு வந்ததும் பிளேட்லெட்டுகள் (ரத்தம் உறைய உதவும் நுண்ணிய தட்டணுக்கள்) வாரி எடுத்துத் தமக்குள் அடைத்துக்கொள்ளும். உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் எண், அந்தக் குட்டி மூட்டைகளின் கனம். அந்தச் செரட்டோனின் மூளைக்குள் நுழையாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. மாதிரியைக் கையாளும்போது பிளேட்லெட்டுகள் உடைந்தாலே, பிளாஸ்மாவில் (ரத்தத்தின் திரவப் பகுதியில்) செரட்டோனின் அளவு எகிறிவிடும்.

மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ ஃப்ளூவாக்செடின், செர்ட்ரலின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இதே எண் தலைகீழாகச் சரியும். பிளேட்லெட் செரட்டோனினை உள்ளே இழுக்கும் வாசலை அவை அடைத்துவிடுகின்றன. எண் இறங்கியதால் ஆட்டிசம் போய்விடுமா என்ன? அப்படி ஏதாவது சாப்பிடுகிறீர்கள் என்றால், இந்த ரிப்போர்ட்டைப் பார்த்துத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். முகம் அடிக்கடி குப்பென்று சிவந்து சூடாகிறதா? வயிற்றுப்போக்கு விடாமல் இருக்கிறதா? இருந்தால் பொதுமருத்துவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். செரட்டோனினைச் சுரக்கும் ஒருவகைக் கட்டி உண்டு. அபூர்வம்தான், ஆனாலும் பார்த்துவிட வேண்டும்.

ஆட்டிசத்தை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. பெரியவர்களை மதிப்பிட்டுப் பழகிய மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ பாருங்கள். நாலைந்து வயதில் எப்படி விளையாடினீர்கள், எதற்கு அடம்பிடித்தீர்கள் என்று கேட்பார்கள். முடிந்தால் அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு போங்கள். பழைய ஸ்கூல் ரிப்போர்ட் கார்டு இருந்தால், லேப் ரிப்போர்ட்டுக்குப் பதில் அதை எடுத்துப் போங்கள்.