கியூபா மீதான தடை: வயிறு காய்ந்தால் ஆட்சி மாறுமா? (கேள்வி பதில்)

கல்லூரியில் பொருளாதார வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவன் நான். பொருளாதாரத் தடை போட்டால் ஒரு கம்யூனிச நாட்டில் அரசியல் மாறுமா என்று பலர் பலவிதமாகக் கேட்டிருந்தார்கள். அறுபது ஆண்டுக்கு மேல் தடைக்குள்ளேயே இருக்கிற கியூபாவை வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். கோபமாக வந்த கேள்விகளையும் அப்படியே விட்டிருக்கிறேன்.

கல்லூரி மாணவி: சார், காஸ்ட்ரோ கம்யூனிஸ்ட் என்பதால்தான் அமெரிக்கா தடை போட்டதா?

பாதி சரி அம்மா. 1959 ஜனவரியில் பிடல் காஸ்ட்ரோ தலைமையிலான புரட்சி வென்றபோது அவர் தன்னைக் கம்யூனிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளவில்லை. "இது சோசலிசப் புரட்சி" என்று அவர் வெளிப்படையாக அறிவித்தது 1961 ஏப்ரலில். சண்டை அதற்கு முன்பே எண்ணெயிலும் சர்க்கரையிலும் தொடங்கிவிட்டது. 1960-ல் சோவியத்திலிருந்து வந்த கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்க அங்கிருந்த வெளிநாட்டு எண்ணெய்க் கம்பெனிகள் மறுத்தன. ஆலைகளைக் கியூபா எடுத்துக்கொண்டது. கியூபாவிடம் வாங்கிவந்த சர்க்கரையை அன்றைய அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் வெட்டினார். பதிலுக்குக் கியூபா மேலும் பல அமெரிக்கச் சொத்துகளை நாட்டுடைமையாக்கியது. அக்டோபரில் உணவும் மருந்தும் தவிர மற்ற ஏற்றுமதி எல்லாம் நின்றது. 1962 பிப்ரவரியில் அடுத்த ஜனாதிபதி கென்னடி வணிகம் முழுவதற்கும் தடை போட்டார்.

கென்னடியின் பத்திரிகைச் செயலர் பியர் சாலிங்கர் பிற்காலத்தில் சொன்ன கதை ஒன்று உண்டு. கையெழுத்துப் போடுவதற்கு முந்தின மாலை, தனக்கு ஆயிரம் கியூபச் சுருட்டு வேண்டும் என்று ஜனாதிபதி கேட்டாராம். இவர் 1,200 வாங்கிக் கொடுத்தாராம். அதற்குப் பிறகுதான் கையெழுத்து.

கணக்குப்பிள்ளை: ஆட்சியைக் கவிழ்ப்பதுதான் நோக்கம் என்பதற்குச் சான்று இருக்கிறதா, இல்லை நாமே சொல்லிக்கொள்கிறோமா?

இருக்கிறது. 1960 ஏப்ரல் 6-ம் தேதி அமெரிக்க வெளியுறவுத் துறை அதிகாரி லெஸ்டர் மாலரி எழுதிய ரகசியக் குறிப்பு பிற்பாடு வெளியானது. அதன் சாரம்: பெரும்பாலான கியூப மக்கள் காஸ்ட்ரோ பக்கம் இருக்கிறார்கள், வலுவான எதிர்க்கட்சி என்று ஒன்று கிடையாது, ஆகவே பணத்தையும் பொருளையும் நிறுத்தி, கூலியைக் குறைத்து, பசியையும் விரக்தியையும் உண்டாக்கினால் ஆட்சி விழும். ஒளிவுமறைவே இல்லை.

பசியிலிருந்து கோபம், கோபத்திலிருந்து கவிழ்ப்பு என்பது அவர் போட்ட கணக்கு. பசியும் வந்தது, கோபமும் வந்தது. அதற்கு அடுத்த படிதான் வரவேயில்லை. இதில் என் வாதம் ஒன்றுதான்: கோபம் அரசியலாக மாற ஒரு வழி வேண்டும். ஓட்டுப்பெட்டி, தொழிற்சங்கம், பத்திரிகை, கோயில் ஏதாவது ஒன்று. அந்த வழிகளை எல்லாம் அடைத்துவைத்திருக்கிற நாட்டில் தட்டுப்பாடு வந்தால் யாருக்கு லாபம்? இருப்பதைப் பங்கு போடுகிறவனுக்குத்தான்.

1962 மார்ச்சில் கியூபாவில் ரேஷன் அட்டை வந்தது. 'லிப்ரெட்டா' என்பார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை எல்லாம் 'போதேகா' என்கிற அரசுக் கடையில். நம் ஊர் ரேஷன் கடை மாதிரிதான், ஒரு வித்தியாசத்தோடு. நமக்குப் பக்கத்துத் தெருவில் மளிகைக் கடை உண்டு. அங்கே நெடுங்காலம் அதைத் தவிர வெளியே முறையாக வாங்க வழி அநேகமாகக் கிடையாது. சம்பளம் கொடுப்பதும் அரசு, சோறு போடுவதும் அரசு என்றால் முணுமுணுக்கலாம், மோத முடியாது.

மோதவே வேண்டும் என்று இருந்தவர்கள் படகு ஏறினார்கள். 1980-ல் மரியெல் துறைமுகம் வழியாக மட்டும் சுமார் 1,25,000 பேர். 1994-ல் கட்டுமரம் போலத் தட்டிக் கட்டிய மிதவைகளில் 30,000 பேருக்கு மேல். குக்கர் விசில் அடித்து ஆவி போய்விட்டால் மூடி எங்கே பறக்கும்?

பழைய தோழர்: நீங்கள் பேசுவது ஏகாதிபத்தியத்துக்குப் பூசிமெழுகுகிற பேச்சு. கியூபாவின் வறுமைக்குத் தடை ஒன்றே காரணம்.

தோழர், முதலில் உங்களோடு ஒத்துப்போகிற இடத்தைச் சொல்லிவிடுகிறேன். "அமெரிக்கா விற்காவிட்டால் என்ன, மற்ற நாடுகளிடம் வாங்கலாமே" என்று சிலர் சுலபமாகச் சொல்கிறார்கள். அது அவ்வளவு சுலபமில்லை. 1992-ன் சட்டப்படி கியூபத் துறைமுகத்துக்கு வணிகத்துக்காகப் போன கப்பல் 180 நாளைக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்க முடியாது. எந்தக் கப்பல்காரன் ஒரு சின்னத் தீவுக்காக அமெரிக்காவை இழப்பான்? வந்தாலும் வாடகை கூட்டித்தான் கேட்பான். வேறு நாட்டில் செய்த இயந்திரமானாலும் அதில் அமெரிக்கப் பாகங்களின் மதிப்பு 10 சதவீதத்தைத் தாண்டினால் லைசென்ஸ் வேண்டும். வங்கிகளைக் கேட்கவே வேண்டாம். சூடான், ஈரான், கியூபா பணத்தைக் கையாண்டதற்காக பிரான்சின் பிஎன்பி பரிபா வங்கி 2014-ல் கட்டிய அபராதம் சுமார் 890 கோடி டாலர். அதைப் பார்த்த பிறகு எந்த வங்கி மேனேஜர் கியூபாவின் பெயரைப் பார்த்ததும் ஃபைலை மூடமாட்டார்?

'ஒன்றே காரணம்' என்கிறீர்களே, அங்கேதான் பிரிகிறேன். சர்க்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். 1980-களின் கடைசியில் ஆண்டுக்கு 80 லட்சம் டன்னை ஒட்டி விளைவித்த தீவு. இப்போது 5 லட்சம் டன்னுக்கும் கீழே விழுந்து, வெளியிலிருந்து சர்க்கரை வாங்குகிறது. கூடுதல் விலை கொடுத்து வாங்கிய சோவியத் போனது ஒரு காரணம். டீசலுக்கும் உரத்துக்கும் காசில்லாதது இன்னொன்று, அதில் தடைக்கும் பங்குண்டு. ஆனால் விவசாயியிடம் அரசே விலை வைத்துக் கொள்முதல் செய்து, லாரி அனுப்பாமல் களத்திலேயே அழுகவிட்டதற்கு வாஷிங்டனா பொறுப்பு? சுற்றுலாப் பயணிகள் வராத ஆண்டுகளிலும் ராணுவத்தின் 'காயெசா' குழுமம் ஹவானாவில் நட்சத்திர ஹோட்டல்களைக் கட்டிக்கொண்டே போனதே, அது? கியூபர்களே இதற்கு ஒரு பேர் வைத்திருக்கிறார்கள்: 'உள் முற்றுகை'.

1992-ல் நம் இடதுசாரிகள் கியூபாவுக்கு 10,000 டன் கோதுமை திரட்டி அனுப்பியது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் ஊரிலும் உண்டியல் குலுக்கினார்கள், நானும் போட்டேன். அதற்காக இன்றும் வருத்தமில்லை.

பெயர் வேண்டாம்: சோவியத் உடைந்தபோதே கியூபா விழுந்திருக்க வேண்டுமே. ஏன் விழவில்லை?

தடைக்கு வந்த உண்மையான பரீட்சை அதுதான். 1989-க்கும் 1993-க்கும் இடையில் பொருளாதாரம் மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. அரசு அதற்கு 'சமாதான காலத்தின் சிறப்புக் காலகட்டம்' என்று பெயர் சூட்டியது. பெயர் வைப்பதில் எந்த அரசும் சளைத்ததில்லை. பஸ் ஓடவில்லை, சீனாவிலிருந்து சைக்கிள் வந்து இறங்கியது. சத்துக் குறைவோடு தொடர்புடைய ஒரு நரம்பு நோய் 50,000 பேருக்கு மேல் தாக்கியது, பலருக்குப் பார்வை மங்கிப்போனது. 1994 ஆகஸ்ட் 5-ம் தேதி ஹவானாவின் கடற்கரைச் சாலையில் ஜனங்கள் திரண்டு கல்லெறிந்தார்கள். காஸ்ட்ரோ நேரே அந்த இடத்துக்குப் போனார். சில நாளில், போக விரும்புகிறவர்களைக் கடலில் தடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த மிதவைகள் கிளம்பியது அப்போதுதான்.

அரசு விட்டுக்கொடுத்தது எல்லாம் ஓரத்தில் மட்டும். 1993-ல் மக்கள் டாலர் வைத்திருக்கலாம் என்றார்கள். 1994-ல் விவசாயிகள் சந்தை திறந்தார்கள். கட்சியின் பிடியில் ஒரு விரல்கூடத் தளரவில்லை.

இன்னும் ஒரு தள்ளு தள்ளினால் விழுந்துவிடும் என்று அமெரிக்கா நினைத்தது. அமெரிக்காவின் மயாமி நகரிலிருந்து வந்த இரண்டு சிறு விமானங்களை 1996 பிப்ரவரியில் கியூபா சுட்டு வீழ்த்தி, நாலு பேர் இறந்தார்கள். அந்தக் கோபத்தில் அமெரிக்காவில் ஹெல்ம்ஸ்-பர்ட்டன் சட்டம் நிறைவேறியது. ஜனாதிபதி கையில் இருந்த தடை அதோடு சட்டத்துக்குள் போய்விட்டது, அவர்கள் நாடாளுமன்றமான காங்கிரஸ் மனம் வைக்காமல் எடுக்க முடியாது. அந்தச் சட்டம் ஏற்கிற இடைக்கால அரசில் பிடல், அவர் தம்பி ராவுல் இருவருமே இருக்கக் கூடாது என்றும் எழுதிவைத்தார்கள். "நீ செத்தால் உனக்குக் கடன் தள்ளுபடி" என்று சொன்னால் எவன் பேரத்துக்கு வருவான்?

யாழ் வாசகி: வணக்கம் ஐயா. எங்கட இலங்கைக்கும் இந்தக் கதைக்கும் ஏதும் தொடர்பு இருக்கோ?

நல்ல கேள்வி தங்கச்சி, இதை யாரும் கேட்கமாட்டார்களா என்று இருந்தேன். கியூபாவில் சொத்துப் பறிபோன சூடு ஆறுவதற்குள் பிரேசிலிலும் ஒரு அமெரிக்க டெலிபோன் கம்பெனியின் சொத்து கைமாறியது. 1962-ல் அமெரிக்கக் காங்கிரஸ் ஹிக்கன்லூப்பர் திருத்தம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அமெரிக்கச் சொத்தை எடுத்துக்கொண்டு நஷ்ட ஈடு தராத நாட்டுக்கு உதவி நிறுத்தம். அது முதலில் விழுந்தது இலங்கையின் தலையில். பிரதமர் சிறிமாவோவின் அரசு எண்ணெய்க் கம்பெனிகளின் பெட்ரோல் நிலையங்களையும் கிடங்குகளையும் எடுத்திருந்தது. 1963 பிப்ரவரியில் உதவி நின்றது.

சிறிமாவோ பணிந்தாரா? இல்லை. 1964 தொடக்கத்தில் எண்ணெய் விநியோகம் முழுவதையும் அரசுக் கூட்டுத்தாபனத்திடம் கொடுத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் அவருடைய அரசு நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு ஓட்டில் தோற்றது. அதற்குப் பெரிய காரணம் பத்திரிகைகளை அரசுடைமையாக்கும் மசோதா, எண்ணெய் இல்லை. 1965 தேர்தலில் டட்லி சேனநாயக்க பிரதமராக வந்தார், நஷ்ட ஈட்டுக்கு ஒப்புக்கொண்டார், உதவி திரும்பியது. கொழும்பில் ஓட்டு இருந்தது, ஹவானாவில் இல்லை. தடை போட்ட கை ஒன்றுதான்.

வரலாறு வாத்தியார்: அப்படியானால் கம்யூனிச நாட்டில் தடை எங்கேயுமே பலித்ததில்லையா? போலந்து?

போலந்தில் ஓரளவு பலித்தது, சார். 1981 டிசம்பரில் ராணுவச் சட்டம் வந்ததும் ரீகன் கடனுதவியை நிறுத்தினார், வணிகச் சலுகையைப் பறித்தார், ஐ.எம்.எஃப் என்கிற சர்வதேச நாணய நிதியத்தில் சேரவிடாமல் மறித்தார். ஆனால் கேட்டது என்ன? கட்சியே, கலைந்து போ என்றில்லை. ராணுவச் சட்டத்தை எடு, கைதிகளை விடு, சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தோடு பேசு. செய்யக்கூடிய கோரிக்கைகள். ஒன்றைச் செய்தால் ஒன்று தளர்ந்தது. 1986-ல் அரசியல் கைதிகளை விட்டார்கள், 1987 பிப்ரவரியில் மிச்சத் தடையும் போனது. வெளியே வந்த கைதிகள் யார்? சுமார் ஒரு கோடிப் பேர் சேர்ந்திருந்த சாலிடாரிட்டி சங்கத்து ஆட்கள். பின்னால் கத்தோலிக்கத் திருச்சபை. மேற்கு நாடுகளிடம் கழுத்தளவு கடன். மாஸ்கோவில் கோர்பச்சேவ். 1989 ஜூன் தேர்தலில் கட்சி மண்ணைக் கவ்வியது. இத்தனையும் சேர்ந்த இடத்தில் தடையும் ஒரு கை கொடுத்தது.

வியட்நாம் தலைகீழ். தடைக்குள் இருந்தபடியே 1986-ல் சந்தைச் சீர்திருத்தம் தொடங்கியது. 1994-ல் தடை நீங்கியது, அமெரிக்காவோடு வணிகம் கொழிக்கிறது, ஆளுவது அதே கட்சி. ஆகவே தடையை எடுத்தால் கியூபாவில் ஜனநாயகம் பூக்கும் என்று சொல்கிறவர்களையும் நான் நம்புவதில்லை. எடுக்க வேண்டும் என்பேன், ஜனங்கள் சாப்பிட வேண்டும் என்பதற்காக.

ஐ.டி. தம்பி: ஒபாமா கதவைத் திறந்தாரே, அண்ணா? அதனாலதானே 2021 போராட்டம்?

இரண்டும் கலந்தது தம்பி. 2014 டிசம்பரில் ஒபாமாவும் ராவுலும் உறவைப் புதுப்பிப்பதாக அறிவித்தார்கள், 2016 மார்ச்சில் ஒபாமாவே ஹவானா போனார். வீட்டில் அறை வாடகைக்கு விடுகிறவர்கள், சின்ன ஹோட்டல்காரர்கள் கையில் காசு புழங்கியது. உடனே கட்சிக்கு வயிற்றைக் கலக்கியது. "பேரரசின் பரிசு எங்களுக்குத் தேவையில்லை" என்ற பொருளில் பிடல் கட்டுரை எழுதினார். 2017-ல் பல தொழில்களுக்குப் புது லைசென்ஸை நிறுத்தினார்கள். அதே ஆண்டு டிரம்ப் வந்து அந்தப் பக்கத்துக் கதவையும் இழுத்துச் சாத்தத் தொடங்கினார்.

கியூபாவில் மொபைல் இன்டர்நெட் வந்ததே 2018 டிசம்பரில்தான். 2021 ஜூலை 11, ஞாயிற்றுக்கிழமை. ஹவானாவுக்கு அருகே சான் அந்தோனியோ தே லோஸ் பான்யோஸ் என்ற சிற்றூரில் கரன்ட் கட்டுக்கு எதிராகக் கிளம்பிய கூட்டம், செல்போன் வழியே அன்றைக்கே நாடு முழுக்கப் பரவியது. பசிக்குத் தடையும் காரணம், கொரோனாவும் காரணம், அந்த ஆண்டு ஜனவரியில் அரசு தப்பான நேரத்தில் செய்த நாணயச் சீர்திருத்தமும் காரணம். ஆனால் பசித்தவனைப் பசித்தவனோடு சேர்த்தது போன்.

பிறகு என்ன? நூற்றுக்கணக்கானோருக்குச் சிறை. செப்டம்பரில் நூறு பேர் வரை வேலை செய்கிற தனியார் கம்பெனிகளுக்கு அனுமதி. அடுத்த இரண்டு ஆண்டில் நாலு லட்சத்துக்கு மேற்பட்ட கியூபர்கள் அமெரிக்க எல்லைக்கு வந்து சேர்ந்தார்கள். 1994-ன் அதே பாட்டு, பெரிய வாத்தியத்தில்.

அவசரக் கேள்வி: ஐ.நா. கண்டிப்பதால் பயன் உண்டா?

தடையை எடுக்கச் சொல்லி 1992 முதல் ஏறக்குறைய ஆண்டுதோறும் தீர்மானம் போடுகிறார்கள். 2024-ல் ஆதரவு 187, எதிர்ப்பு அமெரிக்காவும் இஸ்ரேலும். இந்தியா கியூபா பக்கம். பொதுச்சபைத் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது.

லண்டன் வாசகர்: அண்ணை, அரசியலை விடுங்கோ. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வச்சிருக்கிறன். குடும்பத்தோட கியூபா போய் வரலாமோ?

தாராளமாகப் போகலாம், கியூபாவும் வரவேற்கும். ஆனால் 2021 ஜனவரி 12-க்குப் பிறகு கியூபா போய் வந்தவர்கள் அமெரிக்காவுக்கு ஆன்லைனில் எடுக்கிற 'எஸ்டா' அனுமதியில் போக முடியாது. நியூ ஜெர்சியில் தங்கச்சி வீட்டுக் கல்யாணம் வந்தால் அமெரிக்கத் தூதரகத்தில் முறையாக விசாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியதுதான். கியூபா அமெரிக்காவின் பயங்கரவாத ஆதரவுப் பட்டியலில் இருப்பதால் வந்த வினை. டொரன்டோவில் உறவு இருந்தால் கேட்டுப் பாருங்கள், கனடா பாஸ்போர்ட்காரர்களுக்கு எஸ்டாவே தேவையில்லை. கியூபக் கடற்கரைகளில் அவர்கள் கூட்டம்தான் அதிகம்.