கயிறு யார் கையில்? – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் கோலாலம்பூரில் பொறியாளர், வயது 36. தியோமான், பெர்ஹெந்தியான், சிப்பாடான் என்று பத்து ஆண்டுகளாக முக்குளிக்கிறேன். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் நியூஜெர்சி கடலடியில் கிடக்கும் யு-869 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியைப் பார்க்கப் போகிறேன். சுமார் 70 மீட்டர் ஆழம், குளிர்ந்த நீர். அதற்கான பயிற்சியில் இருக்கிறேன். (இங்கே மூன்று பக்கத் தொழில்நுட்ப விவரங்களை வெட்டியிருக்கிறேன்.) என் மனைவிக்கு விருப்பமில்லை. அவளுக்கு இதெல்லாம் புரியாது. உங்களிடம் கேட்க நினைப்பது: இது வீரமா, அசட்டுத்தனமா? அங்கிருந்து ஞாபகத்துக்கு ஒரு சின்னப் பொருள் எடுத்து வந்தால் தவறா? மூழ்கிக் கிடக்கும் கப்பலை 'ரெக்' (wreck) என்கிறோமே, அதற்கு நல்ல தமிழ்ச்சொல் உண்டா?

க.

அன்புள்ள தம்பி,

சாகசக் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் போடுவதில்லை. போகிறவன் என் பேச்சைக் கேட்டு நிற்கப்போவதில்லை. உங்கள் கடிதத்தையும் அப்படியே மூடி வைத்திருப்பேன், ஒரு வரி விடவில்லை. 'அவளுக்கு இதெல்லாம் புரியாது.' வாயுக்களைப் பற்றி மூன்று பக்கம், மனைவியைப் பற்றி இவ்வளவுதான். போன மாதம் என் தாய்மாமாவுக்கு முதல் திதி முடிந்தது. அன்றிலிருந்து கயிறு பிடிக்கிறவர்களைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

வீரமா அசட்டுத்தனமா என்பதை விடுங்கள். அது பட்டிமன்றத்துக்கு ஆகும்.

என் அப்பா பினாங்கு துறைமுகத்தில் முக்குளிக்கிற வேலை பார்த்தார், ஒரு சின்னக் குத்தகைக்காரரிடம். கப்பல் விசிறியில் சுற்றிக்கொண்ட கயிற்றை அறுக்க வேண்டும், அடிப்பக்கத்துப் பாசியைச் சுரண்ட வேண்டும், தவறி விழுந்த சங்கிலியைத் தேட வேண்டும். செம்புத் தலைக்கூடு, ஈயம் பதித்த பூட்ஸ். மேலே தொங்கான் படகில் இரண்டு பேர் சக்கரம் சுற்றிக் காற்று இறைப்பார்கள். ஆழம் எட்டுப் பத்து மீட்டர்தான், ஆனால் ஒரே சேறு. கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்றே தெரியாது என்பார். அவர் இடுப்புக் கயிற்றின் மறுமுனை மாமா கையில் இருக்கும். வேறு யாரிடமும் அப்பா அதைக் கொடுத்ததில்லை. முத்துக்குளிக்கிறவன் மச்சானிடம்தான் கயிற்றைக் கொடுப்பான் என்று ஒரு பேச்சு உண்டு, கேட்டிருப்பீர்கள். அக்கா தாலியைக் கையில் வைத்துக்கொண்டு எவனும் கண் அசரமாட்டான்.

கயிற்றுக்கு ஒரு பாஷை இருந்தது. மேலிருந்து ஒரு இழுப்பு என்றால், நல்லா இருக்கியா? கீழிருந்து ஒரு இழுப்பு என்றால், இருக்கேன். கீழிருந்து நான்கு வந்தால், தூக்கு.

பள்ளி விடுமுறையில் ஒருநாள் என்னையும் தொங்கானில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எனக்கு அப்போது பத்து வயது. "மாமா, பசிக்குது" என்றேன். பதில் இல்லை. மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை, கயிறு இல்லாத கையால் ஓர் அறை. அப்பா மேலே வந்து தலைக்கூட்டைக் கழற்றிய பிறகுதான் மாமா என் பக்கம் திரும்பினார். சாயங்காலம் ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தார். "கயித்தில இருக்கும்போது நான் உனக்கு மாமா இல்லடா" என்றார்.

அம்மா துறைமுகத்துப் பக்கம் வந்ததே இல்லை. நான்காம் வகுப்புப் படிப்பு, நீச்சல் தெரியாது. ஆனால் நாளைக்கு எந்தக் கப்பல், எத்தனை மணிக்கு இறங்குவார், எத்தனை மணிக்கு ஏறுவார், எல்லாம் அவருக்குத் தெரியும். முந்தின ராத்திரி சாப்பிடும்போதே அப்பா சொல்லிவிடுவார். தலைக்கூட்டுக்குள் தண்ணீர் ஏன் ஏறுவதில்லை என்று எனக்கு முதலில் விளக்கியவரும் அம்மாதான். இட்லிச் சட்டியைக் கவிழ்த்து அண்டாத் தண்ணீரில் அமுக்கிக் காட்டினார். புரியாது என்கிறீர்கள். நீங்கள் எத்தனை முறை சட்டியைக் கவிழ்த்துக் காட்டினீர்கள்?

வெட்டிய மூன்று பக்கத்தின் சாரத்தை மற்ற வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 70 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல எட்டு மடங்கு. அங்கே சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் அதிலுள்ள நைட்ரஜன் சாராயம்போலத் தலைக்கேறும். அதனால் ஹீலியம் கலந்த டிரைமிக்ஸ். ஆனால் ஹீலியம் சூட்டைக் காற்றைவிட ஆறு மடங்கு வேகமாகக் கடத்தும். எனவே தண்ணீர் புகாத டிரைசூட் உடைக்குள் உடம்பைச் சுற்றி அடைக்க ஆர்கான் வாயு, தனிச் சிலிண்டரில். கோடையிலும் அந்த அடித்தண்ணீரில் குளிர் விறைக்கும். விரல் மரத்தால் வால்வு கைக்குத் தட்டுப்படாது. சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொடுக்கும் ரெகுலேட்டர் உறைந்து காற்று கொட்டத் தொடங்கலாம். கீழே இருப்பது 20 நிமிடம் என்றால், படிப்படியாக நின்று நின்று மேலே வர ஒரு மணி நேரத்துக்கு மேல்.

நன்றாகப் படித்திருக்கிறீர்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கடைசிக் கணக்கின் அர்த்தம் உங்களுக்கு உறைத்ததா? மாமாவால் அப்பாவை இழுத்துவிட முடியும். உங்களை யாரும் இழுக்க முடியாது. இழுத்தால் அந்த இழுப்பே கொன்றுவிடும். 1992 அக்டோபரில் இதே யு-869க்குள் ஒரு மகன் மாட்டிக்கொண்டார். தந்தை உள்ளே போய் விடுவித்தார். இருவரும் நிறுத்தங்கள் எதையும் முடிக்காமல் நேரே மேலே வந்தார்கள். ரத்தத்தில் கரைந்திருந்த வாயு, கோலி சோடா உடைத்தாற்போல நுரைத்தது. இருவருமே பிழைக்கவில்லை. அதற்கு முந்தின ஆண்டு இன்னொருவர். அது எந்தக் கப்பல் என்று உறுதியாவதற்குள் மூன்று பேர் போய்விட்டார்கள்.

அது எந்தக் கப்பல் என்ற கதைதான் என்னைத் தூங்கவிடாதது. 1991இல் அதைக் கண்டுபிடித்தபோது, அந்த இடத்தில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி கிடப்பதாக எந்த ஆவணத்திலும் இல்லை. கைப்பிடியில் பெயர் செதுக்கிய ஒரு சாப்பாட்டுக் கத்தி கிடைத்தது. பெயரைத் தேடிப் போனால், அந்த ஆள் இருந்தது யு-869, அது 1945 பிப்ரவரியில் ஜிப்ரால்டர் பக்கம் மூழ்கிவிட்டது என்று பதிவு. ஆகவே அது இல்லை என்று தள்ளினார்கள். 1997இல் உள்ளிருந்து எடுத்த உதிரிப்பாகப் பெட்டியின் தகட்டில் எண் இருந்தது. அதேதான். ஜிப்ரால்டருக்குத் திரும்பு என்று தலைமையகம் அனுப்பிய உத்தரவு கப்பலுக்குப் போய்ச் சேரவில்லை என்றே கருதுகிறார்கள். மேலிருந்து கயிற்றை இழுத்தார்கள், கீழே தெரியவில்லை. 56 பேர் வீட்டிலும் ஐம்பது ஆண்டுகள் தப்பான கடலைப் பார்த்து அழுதிருக்கிறார்கள்.

பினாங்கில் வெஸ்டர்ன் ரோடு கல்லறையில் ரஷ்ய மாலுமிகள் இருக்கிறார்கள். 1914 அக்டோபர் 28 விடியற்காலை ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் நம் துறைமுகத்துக்குள் புகுந்து மூழ்கடித்த கப்பலின் ஆட்கள். (ஆமாம், ஒரு மாதம் முன்பு சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன்.) அந்தப் பக்கம் நடக்கப் போகும்போதெல்லாம் நினைப்பேன், இவர்கள் வீட்டுக்காரர்களுக்கு ஒரு கல்லாவது இருக்கிறது.

பொருள் எடுப்பது பற்றி: எடுக்காதீர்கள். அந்தக் கத்தியை எடுத்ததால்தானே பெயர் வந்தது என்பீர்கள். உண்மைதான். எனக்கே அதில் கொஞ்சம் சங்கடம் உண்டு. ஆனால் பெயர் வந்தாகிவிட்டது தம்பி, இனி எடுப்பதெல்லாம் உங்கள் வரவேற்பறைக் கண்ணாடி அலமாரிக்கு. குவாந்தான் பக்கம் 1941 டிசம்பர் 10 அன்று மூழ்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் ரிபல்ஸையும் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸையும் பழைய இரும்புக்காகச் சுரண்டியது உங்களுக்கும் தெரியும். 840 பேர் செத்த இடம். அவர்கள் டன் கணக்கில் எடுத்தார்கள், நீங்கள் கிராம் கணக்கில் கேட்கிறீர்கள்.

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் என் அப்பா சிரிப்பார். ஆனால் எனக்கு எழுதிய அந்த மூன்று பக்கத்தை இன்று ராத்திரி உங்கள் மனைவியிடம் கொடுங்கள். சாப்பிடும்போது கொடுத்தால் நல்லது. எத்தனை மணிக்கு இறங்குவீர்கள், எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் நிற்பீர்கள், எத்தனை மணிக்குள் படகிலிருந்து தகவல் வராவிட்டால் அவர் யாரைக் கூப்பிட வேண்டும், எல்லாவற்றையும் அவர் கையாலேயே எழுதி வைத்துக்கொள்ளட்டும். சந்தேகம் கேட்பார். எரிச்சல்படாமல் பதில் சொல்லுங்கள். உங்களால் பதில் சொல்ல முடியாத கேள்வி ஒன்றையாவது அவர் கேட்பார் என்று பந்தயம் கட்டுகிறேன். அதை எனக்கு எழுதுங்கள். உங்கள் ஹீலியத்தை விட அதில்தான் எனக்கு ஆர்வம்.

அப்புறம், 'ரெக்' கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். அப்பா 'படுத்த கப்பல்' என்பார். மாமாவும் அப்படித்தான் சொல்வார்.