இணைய வானொலி அடைவுகள்: கேள்வி பதில்

கேள்வி (திருநெல்வேலி): ரேடியோ கார்டன், டியூன்இன், ரேடியோ பிரௌசர் என்று பல பெயர்கள் காதில் விழுகின்றன. இவற்றில் எதை வைத்துக்கொள்வது?

பதில்: மூன்றும் இணையத்தில் ஒலிக்கும் வானொலி நிலையங்களைப் பட்டியலிட்டுக் காட்டும் அடைவுகள், காட்டும் முறையில்தான் வேறுபடுகின்றன. ரேடியோ கார்டன் 2016ஆம் ஆண்டு நெதர்லாந்தில் உருவானது. உலக உருண்டையைச் சுழற்றி, ஒரு பச்சைப் புள்ளியின்மேல் வந்து நின்றால் அந்த ஊரின் நிலையம் ஒலிக்கும். ஊர் தெரியும், நிலையத்தின் பெயர் தெரியாது என்பவர்களுக்கு இது ஏற்றது. டியூன்இன் 2002இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் ரேடியோடைம் என்னும் பெயரில் தொடங்கிய வணிக நிறுவனம். நிலையங்களோடு நிகழ்ச்சிகளையும் வகைப்படுத்தி வைத்திருப்பது அதன் பலம், விளம்பரங்கள் அதன் விலை. ரேடியோ பிரௌசர் தன்னார்வலர்கள் சேர்த்து வளர்க்கும் திறந்த தரவுத்தளம். ரேடியோட்ராய்டு, டிரான்சிஸ்டர், ஷார்ட்வேவ் முதலிய பல செயலிகள் அதிலிருந்துதான் பட்டியலை எடுக்கின்றன. ஆகவே ஒரு செயலியில் கிடைக்காத நிலையத்தை மற்றொன்றில் தேடும்முன், இரண்டும் ஒரே தரவுத்தளத்தை நம்பியவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உலவிப் பார்க்க ரேடியோ கார்டன், நாள்தோறும் கேட்க ரேடியோ பிரௌசரை நம்பிய ஏதேனும் ஒரு செயலி என்பது என் தேர்வு. எதைத் தேர்ந்தாலும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அடைவு எதையும் ஒலிபரப்புவதில்லை. நிலையத்தின் சர்வர், அதாவது ஒலியை இணையத்தில் அனுப்பும் கணினி, எந்த முகவரியில் இருக்கிறது என்பதை மட்டும் அது குறித்து வைத்திருக்கிறது. கீழே வரும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இதுதான்.

கேள்வி (சேலம்): மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் இணையப் பாட்டு நிலையங்கள் வரிசையாக வருகின்றன. ஆகாசவாணியின் தமிழ் நிலையங்கள் சில மட்டும் வருவதே இல்லை. ஏன்?

பதில்: ஒரு பதிவைச் சேர்ப்பவர் மொழியைக் குறிக்காமல் விட்டிருக்கலாம், அல்லது இந்தி என்றே குறித்திருக்கலாம். பெயரிலும் குழப்பம் உண்டு. ஆல் இந்தியா ரேடியோ, அதன் சுருக்கமான ஏ.ஐ.ஆர்., 2023 முதல் வழக்கில் நிலைநிறுத்தப்பட்ட ஆகாசவாணி என்று ஒரே நிறுவனத்தின் நிலையங்கள் மூன்று தலைப்புகளில் சிதறிக் கிடக்கின்றன. திருச்சிராப்பள்ளிக்கு ஆங்கில எழுத்தில் எத்தனை வடிவங்கள் உண்டு என்று உங்களுக்கே தெரியும்.

அதனால் மொழியை விட்டுவிட்டு முதலில் நாட்டையும் பிறகு ஊரையும் கொண்டு தேடுங்கள். அலைவரிசை எண்ணைக் கொண்டு தேடுவது இன்னும் நல்லது. எண்ணில் எழுத்துக்கூட்டல் குழப்பம் வராது. கொடைக்கானல் பண்பலைக்கு 100.5, சென்னை ரெயின்போவுக்கு 101.4 என்று இட்டால் போதும். வேர்ல்டு ரேடியோ மேப் என்னும் தளம் ஊர்வாரியாக அலைவரிசைகளை வரிசைப்படுத்தித் தருவதால், எண் மறந்தவர்கள் அங்கே பார்த்துக்கொள்ளலாம். ஆகாசவாணியைப் பொறுத்தவரை அதை நடத்தும் பிரசார் பாரதியின் நியூஸ் ஆன் ஏர் செயலியில் முதலில் தேடுவதே முறை. மற்ற அடைவுகளில் இருப்பவை அங்கிருந்து யாரோ படியெடுத்த முகவரிகள்.

கேள்வி (டொரண்டோ): பட்டியலில் நிலையம் இருக்கிறது, அழுத்தினால் ஒலி வருவதில்லை. நிலையமே மூடப்பட்டுவிட்டது என்று கொள்ளலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். ஒலி வராமைக்குக் காரணங்கள் பல. அவற்றில் நிலையம் மூடப்படுவது அரிதானது.

முதற்காரணம் முகவரி மாறியிருப்பது. சிறு நிலையங்கள் ஒலியை இணையத்தில் தொடர்ந்து அனுப்பும் ஸ்ட்ரீமிங் சேவையை வேறொரு நிறுவனத்திடம் வாடகைக்கு எடுக்கின்றன. கட்டணம் கூடினால் நிறுவனத்தை மாற்றுகின்றன. மாற்றியதும் பழைய முகவரி செயலிழக்கிறது, அடைவுக்கோ யாரும் சொல்வதில்லை. ரேடியோ பிரௌசர் தானாகவே முகவரிகளை அவ்வப்போது சோதித்து, கடைசியாக எப்போது ஒலித்தது என்று பதிவில் காட்டுகிறது. அந்தத் தேதியைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இரண்டாவது காரணம் உலாவி. அடைவின் பக்கம் எச்.டி.டி.பி.எஸ். என்னும் பாதுகாப்பான இணைப்பில் இருக்க, நிலையத்தின் சர்வர் பழைய எச்.டி.டி.பி. முறையில் இருந்தால், இன்றைய உலாவிகள் அந்த ஒலியைப் பாதுகாப்பான இணைப்புக்கு மாற்ற முயன்று, முடியாதபோது விட்டுவிடுகின்றன. இதைச் சோதிப்பது எளிது. பதிவில் உள்ள ஸ்ட்ரீம் முகவரியைப் படியெடுத்து, ஒலி, ஒளிக் கோப்புகளை இயக்கும் வி.எல்.சி. பிளேயரின் மீடியா பட்டியலில் ‘ஓபன் நெட்வொர்க் ஸ்ட்ரீம்’ என்பதில் ஒட்டுங்கள். அங்கே ஒலித்தால் நிலையத்தின்மீது பழியில்லை. முகவரி எம்3யு அல்லது பி.எல்.எஸ். என்று முடிந்தால் அது ஒலி அன்று, உண்மையான முகவரியை உள்ளே எழுதி வைத்திருக்கும் சிறு எழுத்துக் கோப்பு. குறிப்பேட்டுச் செயலியில் திறந்தால் உள்ளிருக்கும் முகவரியைப் படிக்கலாம்.

மூன்றாவது, நாட்டுக்கு நாடு போடப்படும் தடை. பாடல் உரிமையை ஒரு நாட்டுக்கு மட்டும் பெற்ற நிலையம், வெளிநாட்டுக் கேட்பவர்களை வேண்டுமென்றே தடுத்திருக்கலாம். வி.எல்.சி.யிலும் ஒலிக்காமல், ஊரிலுள்ள உறவினருக்கு மட்டும் ஒலிக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுவே.

கேள்வி (லண்டன்): முன்பு ரேடியோ கார்டனில் சென்னையையும் கொழும்பையும் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது பிரிட்டன் நிலையங்கள் மட்டுமே ஒலிக்கின்றன.

பதில்: இது அடைவின் பழுதன்று, வழக்கின் விளைவு. வார்னர், சோனி ஆகிய இசை நிறுவனங்கள் டியூன்இன்மீது தொடுத்த வழக்கில், பிரிட்டனில் உரிமம் பெறாத வெளிநாட்டு நிலையங்களுக்கு இணைப்பு கொடுத்து அங்குள்ளவர்களுக்குக் கேட்கச் செய்வது பதிப்புரிமை மீறல் என்று இங்கிலாந்து உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பெரும்பகுதியை உறுதிசெய்தது. டியூன்இன் 2020இலேயே அங்கே வெளிநாட்டு நிலையங்களை நிறுத்தியது. ரேடியோ கார்டன் 2022இல் அதே வழிக்கு வந்தது. முகவரியை மட்டும் வைத்திருப்பவரும் பொறுப்பாளி ஆகலாம் என்பது அடைவுகளைத் தொகுப்பவர்களுக்குக் கவலை தரும் தீர்ப்பு. கேட்பவர்களின் நலன் அதில் எங்கும் எடைபோடப்படவில்லை என்பது என் வருத்தம். நிலையத்தின் சொந்தத் தளமோ செயலியோ அந்நாட்டுக்குத் தடை போடாதவரை நீங்கள் அங்கே நேரே சென்று கேட்கலாம்.

கேள்வி (யாழ்ப்பாணம்): ஒரே நிலையத்தின் பெயரில் நான்கைந்து பதிவுகள் இருக்கின்றன. எது உண்மையானது?

பதில்: சில, ஒரே ஒலியின் வெவ்வேறு தரங்கள், அவற்றில் நொடிக்கு எவ்வளவு தரவு வருகிறது என்பதைக் காட்டும் கிலோபிட் எண் வேறுபடும். சில, காலாவதியான பழைய முகவரிகள். இன்னும் சிலவற்றில், புகழ்பெற்ற பெயரை வைத்துக்கொண்டு யாரோ தம் கணினியிலிருந்து பாடல்களை ஓடவிடுகிறார்கள். பதிவில் தரப்பட்டுள்ள முகப்புத் தளத்துக்குச் சென்று, அங்கே ஒலிப்பதும் இங்கே ஒலிப்பதும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். செய்தி நேரத்தில் கேட்பதும் ஒரு வழி. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் சேவை என்று பெயரிட்டுவிட்டு நாள் முழுவதும் செய்தியே இல்லாமல் பாடல்கள் மட்டும் வந்தால் ஐயப்பட இடமுண்டு. இந்தியத் தனியார் பண்பலைகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. தாமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அவற்றுக்கு அனுமதியில்லை.

கேள்வி (கோயம்புத்தூர்): பிபிசி தமிழோசையை எந்த அடைவில் கேட்கலாம்?

பதில்: எதிலும் கேட்க முடியாது. 1941இல் தொடங்கிய பிபிசியின் தமிழ் வானொலி ஒலிபரப்பு 2017இல் நிறுத்தப்பட்டது. அந்தப் பெயரில் பதிவு எதையாவது கண்டால் அது பழைய மிச்சம்.

கேள்வி (புதுச்சேரி): எனக்கு வேண்டியது நிலையம் அன்று, நிகழ்ச்சி. சிங்கப்பூர் ஒலி 96.8இல் வரும் ஒரு நிகழ்ச்சியைத் தவறாமல் கேட்க வழி உண்டா?

பதில்: அடைவுகள் தடுமாறும் இடம் இது. செயலியில் நிலையத்தின் பெயருக்குக் கீழே ஓடும் வரி, அந்த நொடியில் ஒலிக்கும் பாடலின் பெயரை நிலையத்தின் மென்பொருள் அனுப்புவது. நிகழ்ச்சியின் பெயர் அதில் வருவது அரிது. டியூன்இன் நிகழ்ச்சிவாரியாகத் தேட விட்டாலும் அதில் ஆங்கில நிகழ்ச்சிகளே நிறைந்திருக்கின்றன. எனவே நிலையத்தை அடைவில் கண்டுபிடியுங்கள், நிகழ்ச்சி நேரத்தை நிலையத்தின் சொந்தத் தளத்தில் பாருங்கள், பிறகு நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னே உள்ளன. அங்கே இரவு 9 மணி நிகழ்ச்சி இங்கே மாலை 6.30க்கு வரும். டொரண்டோ நிலையங்களைக் கேட்பவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். அந்த ஊர் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்தங்கியிருப்பதால், மார்ச்சிலும் நவம்பரிலும் உங்கள் நிகழ்ச்சி ஒரு மணி நேரம் நகர்ந்துவிடும். இணைய ஒலி சற்றுத் தாமதமாகவே வந்து சேரும். அதன் நேர அறிவிப்பைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்த வேண்டாம்.

நிகழ்ச்சி முடிந்தபின் அது பாட்காஸ்டாக வெளியிடப்படுகிறதா என்பதையும் பாருங்கள். அப்போது நிகழ்ச்சியின் பெயரைவிடத் தொகுப்பாளரின் பெயரைக் கொண்டு தேடுவது விரைவில் பலன் தரும்.

கேள்வி (மதுரை): மாதம் எவ்வளவு டேட்டா செலவாகும்?

பதில்: பதிவில் உள்ள கிலோபிட் எண்ணை 0.45ஆல் பெருக்குங்கள், ஒரு மணி நேரச் செலவு மெகாபைட்டில் கிடைக்கும். 64 என்றால் ஏறத்தாழ 29, 128 என்றால் 58. அதை மாதத்தில் நீங்கள் கேட்கும் மணி நேரத்தால் பெருக்கினால் மாதச் செலவு. பேச்சு நிகழ்ச்சிக்கு 64 தாராளம்.

கேள்வி (பெங்களூரு): வைஃபை வழியாக நிலையங்களை எடுக்கும் வானொலிப் பெட்டி ஒன்று வீட்டில் இருக்கிறது. பெட்டியில் பழுதில்லை, பட்டியல் மட்டும் வருவதில்லை.

பதில்: அத்தகைய பெட்டிகள் பட்டியலுக்காக ஒரேயொரு அடைவை நம்பியிருப்பவை. ரெசிவா என்னும் அடைவு 2021இல் மூடப்பட்டபோது, அதை நம்பியிருந்த நல்ல பெட்டிகள் பல பட்டியலின்றி நின்றன. புதிதாக வாங்குவதானால், ஸ்ட்ரீம் முகவரியை நாமே உள்ளிட வழி உண்டா என்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். இல்லையென்றால் ஒரு புளூடூத் ஒலிபெருக்கியும் கைப்பேசியுமே போதும். உங்களுக்குப் பிடித்த நிலையங்களின் முகவரிகளை ஒரு எம்3யு கோப்பில் எழுதிச் சேமித்து வையுங்கள். எந்த அடைவு மூடினாலும் வி.எல்.சி. அதைத் திறக்கும்.

கேள்வி (இராமநாதபுரம்): சமுதாய வானொலிகளை எப்படித் தேடுவது?

பதில்: இங்கே, மேலே சொன்ன அலைவரிசை எண் வழி கைகொடுக்காது. 2004இல் தொடங்கிய சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் வானொலிக்கும் 90.4, 2016இல் மீனவர்களுக்காகப் பாம்பனில் தொடங்கிய கடல் ஓசைக்கும் 90.4. குறைந்த ஆற்றலில் சில கிலோமீட்டருக்கு மட்டும் ஒலிபரப்புவதால் ஒரே எண்ணைப் பலருக்கும் தர முடிகிறது. எனவே நிலையத்தின் பெயரைக் கொண்டே தேட வேண்டும். கிடைக்காவிட்டால் நிலையத்துக்குச் சொந்தச் செயலி உண்டா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி (துபாய்): இணையத்தில் ஒலியே தராத மத்திய அலை, சிற்றலை நிலையங்களைக் கேட்க ஏதாவது வழி?

பதில்: உண்டு. ஆர்வலர்கள் வானொலி அலைகளை வாங்கும் தங்கள் ஏற்பிகளை இணையத்தில் இணைத்து, யார் வேண்டுமானாலும் அலைவரிசையைத் திருப்பிக் கேட்கும்படி வைத்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக ஏற்பி 2008இல் இப்படித் தொடங்கியது, கிவி எஸ்.டி.ஆர். என்னும் வகை ஏற்பிகள் பல நாடுகளில் உள்ளன, அவற்றுக்கும் வரைபட அடைவு உண்டு. சென்னையின் 720 கிலோஹெர்ட்ஸ் வேண்டுமானால், வரைபடத்தில் தென்னிந்தியாவுக்கு அருகில் உள்ள ஏற்பியைத் தேர்ந்து, மத்திய அலை தொலைதூரம் செல்லும் இரவு நேரத்தில் முயலுங்கள். ஒரு ஏற்பியில் ஒரே நேரத்தில் சிலருக்கு மட்டுமே இடம் உண்டு. நிறைந்திருந்தால் அடுத்த புள்ளிக்குப் போக வேண்டியதுதான்.