அம்மாவின் வயிற்றுத் தையலை கம்ப்யூட்டர் முடிவு செய்வதா?

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. பெருங்குடலில் கட்டி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்ய அடுத்த வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள். நேற்று வார்டுக்கு வந்த ஒரு பிஜி (மேற்படிப்பு படிக்கும்) டாக்டர், "வயிற்றை மூட இரண்டு விதத் தையல்கள் இருக்கின்றன, சின்னச் சின்னதாகப் போடுவது ஒன்று, அகலமாகப் போடுவது ஒன்று. எது நல்லது என்று ஆய்வு செய்கிறோம். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும், உங்களிடம் சொல்ல மாட்டோம். சம்மதமா?" என்று கேட்டார். வெளியே டீக்கடையில் ஒருவர், "சோதனை எலி ஆக்கிவிடுவார்கள். எனக்குத் தெரிந்த நர்சிங் ஹோம் இருக்கிறது, அங்கே கொண்டுபோங்கள்" என்கிறார். நான் கையெழுத்துப் போடலாமா?

பதில்: ஆய்வில் சேரலாம். ஆனால் கையெழுத்து உங்கள் அம்மாவுடையதாக இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. சுயநினைவோடு பேசிக்கொண்டிருக்கும் ஒருவருக்காக மகன் சம்மதம் தர முடியாது. அவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு தமிழில் முழுவதும் வாசித்துச் சொல்லி, பிறகு கைரேகை வாங்க வேண்டும். இது விதி. வார்டுகளில் அதிகம் மீறப்படுவதும் இதுதான்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். வயிற்றைத் தாங்கிப் பிடிப்பது தோல் அல்ல, அதற்கு அடியில் இருக்கும் கெட்டியான வெள்ளைச் சவ்வு. ஆபரேஷன் முடிந்ததும் முதலில் தைக்க வேண்டியது அதைத்தான். அந்தத் தையல் பிடிக்காமல் போனால், மேலே தோல் அழகாக ஆறியிருந்தாலும், சில மாதங்களில் தழும்பு வழியே குடல் பிதுங்கி வெளியே தள்ளும். ஹெர்னியா என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். அப்புறம் இன்னொரு ஆபரேஷன்.

அந்தச் சவ்வைத் தைக்கும்போது, ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி ஊசியைக் குத்தி, ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, தடித்த நூலால் தைப்பது பழைய வழக்கம். மெல்லிய நூலும் சிறிய ஊசியும் கொண்டு 5 மில்லிமீட்டருக்கு ஒன்றாக நெருக்கித் தைப்பது மற்றொன்று. நெதர்லாந்தில் 10 மருத்துவமனைகள் சேர்ந்து 560 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தன. 'ஸ்டிட்ச்' என்ற அந்த ஆய்வின் முடிவு 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அகலத் தையல் போட்டவர்களில் 21 சதவீதம் பேருக்கு ஹெர்னியா, நெருக்கத் தையல் போட்டவர்களில் 13 சதவீதம் பேருக்கு. கூடுதலாகச் செலவானது ஆபரேஷன் தியேட்டரில் நான்கு நிமிடம்.

ஐரோப்பிய ஹெர்னியா சங்கம் நெருக்கத் தையலையே பரிந்துரைக்கிறது. அப்படியானால் மறுபடி ஏன் ஆய்வு என்று நீங்கள் கேட்கலாம். பின்னால் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நடந்த இன்னொரு ஆய்வில், ஓராண்டு முடிவில் அந்த வித்தியாசம் அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை. டிஸ்சார்ஜ் ஆன சில வாரங்களிலேயே குடம் தூக்கும், களை பறிக்கப் போகும் நம் ஊர்ப் பெண்களுக்கு எந்தத் தையல் தாங்கும் என்பதை நெதர்லாந்துக் கணக்கு சொல்லாது. அதை இங்கேதான் பார்த்தாக வேண்டும்.

ஆய்வில் சேராவிட்டாலும் உங்கள் அம்மாவின் வயிற்றில் இந்த இரண்டில் ஒரு தையல் விழத்தான் போகிறது. அதை முடிவு செய்வது அன்று ஊசி பிடிக்கும் டாக்டரின் பழக்கம். ஆய்வில் சேர்ந்தால் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யும், அவ்வளவுதான். டாக்டர்களே தேர்வு செய்தால், ஒல்லியான, ஆரோக்கியமான நோயாளிக்கெல்லாம் தங்களுக்குப் பிடித்த தையலைப் போட்டுவிட்டு, பிறகு அதுதான் சிறந்தது என்பார்கள். சீட்டுக் குலுக்குவது அதைத் தடுக்கத்தான். உங்களுக்குச் சொல்லாமல் இருப்பதும் அதே காரணத்துக்காக. எந்தத் தையல் என்று தெரிந்துவிட்டால் வலியைச் சொல்வதிலும், ஸ்கேன் பார்ப்பதிலும் ஒரு சாய்வு வந்துவிடும். கேஸ் ஷீட்டில் அது பதிவாகியிருக்கும். அவசரம் வந்தால் எடுத்துப் பார்க்கலாம்.

டீக்கடையில் பேசியவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மருத்துவக் கல்லூரி வாசலில் இப்படி ஒருவர் எப்போதும் இருப்பார். "சோதனை எலி" என்ற ஒரு சொல்லை வைத்துப் பயமுறுத்தி, நோயாளியை நர்சிங் ஹோமுக்குத் தள்ளிக்கொண்டுபோய்க் கமிஷன் வாங்குவது இவர் தொழில். அங்கே போனால் அதே ஆபரேஷன், அதே இரண்டில் ஒரு தையல், அதற்குமேல் ஒரு பெரிய பில். புற்றுநோயாக இருக்கக்கூடிய கட்டியை வைத்துக்கொண்டு இடம் மாறினால் தேதியும் தள்ளிப்போகும். தயவுசெய்து அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

இன்னொரு வகைத் தரகர் மருத்துவமனைக்கு உள்ளேயே இருப்பார். "ஆய்வில் சேர்ந்தால் தேதி சீக்கிரம் கிடைக்கும், கொஞ்சம் கவனியுங்கள்" என்பார். ஆய்வில் சேர்வதற்கும் தேதிக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. சேர மறுத்தாலும் சிகிச்சை ஒரு இம்மிகூடக் குறையக் கூடாது.

மூன்றாவது பொறி, நூல். "இந்த கம்பெனி நூல் வாங்கி வாருங்கள், இதில் கிருமிநாசினி பூசியிருக்கிறது, சீழ் பிடிக்காது" என்று சீட்டு எழுதி வெளி மெடிக்கலுக்கு அனுப்புவார்கள். ஆய்வுக்காகக் கூடுதலாகத் தேவைப்படும் எந்தப் பொருளுக்கும் பரிசோதனைக்கும் நோயாளி காசு தரக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டி நெறிகள் தெளிவாகச் சொல்கின்றன. அரசு மருத்துவமனைகளுக்கு இதையெல்லாம் வாங்கிக் கொடுக்கத்தான் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. அந்தப் பூச்சு நூலைப் பற்றியும் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2016இல் அதைப் பரிந்துரைத்தது உண்மை. ஆனால் இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 5,788 பேரிடம் நடந்த 'ஃபால்கன்' ஆய்வு 2021இல் வெளிவந்தபோது, பூச்சு நூலுக்கும் சாதாரண நூலுக்கும் வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. கடன் வாங்கி அந்த நூலை வாங்க வேண்டாம்.

சீழ் பிடிப்பதைக் குறைக்க வழி இல்லாமல் இல்லை. அதே ஏழு நாடுகளில் 13,301 பேரிடம் நடந்த 'சீட்டா' ஆய்வு 2022இல் வந்தது. வயிற்றை மூடுவதற்கு முன் டாக்டர்களும் நர்சுகளும் கையுறையை மாற்றிக்கொண்டு, சுத்தமான வேறு கருவிகளை எடுத்துக்கொண்டால் புண்ணில் தொற்று 18.9 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. புது மருந்து வேண்டாம், புது மெஷின் வேண்டாம். இதில் நம் நாட்டு நோயாளிகளே பங்கெடுத்திருக்கிறார்கள், நம் டாக்டர்களே உழைத்திருக்கிறார்கள். இருந்தும் கூடுதலாக ஒரு ஜோடி கையுறை கேட்டால் ஸ்டோரிலிருந்து "ஸ்டாக் இல்லை" என்று பதில் வருகிற தியேட்டர்கள் இன்றும் இருக்கின்றன. ஆய்வு முடிவு தியேட்டருக்குள் நுழைய எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும்? எனக்கு இதில் பொறுமை போய்விட்டது.

வெட்டு நெடுக்காகவா, குறுக்காகவா என்றும் சிலர் கேட்பார்கள். ஜெர்மனியின் ஹைடெல்பெர்கில் 200 பேரிடம் ஒப்பிட்டு 2009இல் வெளியிட்டார்கள், வலியில் வித்தியாசம் இல்லை. அதை சர்ஜனிடம் விட்டுவிடுங்கள்.

நான் இதுவரை சொன்னதெல்லாம் தேதி குறித்துச் செய்யும் ஆபரேஷனுக்குத்தான். காத்திருக்கும் இந்த ஒரு வாரத்தில் குடல் அடைத்துக்கொண்டோ, ஓட்டை விழுந்தோ இரவோடு இரவாக அவசர ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தால் கதை வேறு. அப்போது வயிற்றுக்குள் மலமும் சீழும் பரவியிருக்கும், சவ்வு வீங்கி நொய்ந்திருக்கும், நூல் அதை அறுத்துக்கொண்டு வரும். தோலைத் தைக்காமல் சில நாள் திறந்தே வைத்திருந்து பிறகு மூடுவதும் உண்டு. நெதர்லாந்து ஆய்வில் அவசர நோயாளிகள் யாரும் சேர்க்கப்படவில்லை. அதனால் அந்த 13க்கும் 21க்கும் அங்கே பொருள் கிடையாது. அவசர நோயாளிகளுக்கென்றே தனியாக ஆய்வு நடத்தலாம், நடத்தவும் வேண்டும். ஆனால் இன்று உங்களிடம் கேட்டது அதற்கான சம்மதம் அல்ல. முன்பே கையெழுத்து வாங்கிவிட்டோம் என்று சொல்லி இரண்டையும் கலக்க விடாதீர்கள். அந்த நிலை வந்தால், டாக்டர் கைக்கு எது பாதுகாப்பாக வருகிறதோ அதைச் செய்யச் சொல்லுங்கள். வலியில் துடிக்கும் மனுஷியிடம் நள்ளிரவில் வாங்கும் கைரேகையைச் சம்மதம் என்று நான் ஏற்க மாட்டேன்.

அந்த பிஜி டாக்டரிடம் மரியாதையாகச் சிலவற்றைக் கேளுங்கள். நெறிமுறைக் குழு ஒப்புதல் இருக்கிறதா? இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்த எண் என்ன? தமிழில் தகவல் தாள் எங்கே, கையெழுத்திட்ட படிவத்தின் நகலை எப்போது தருவீர்கள்? ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சை இலவசம்தானே? ஒழுங்கான ஆய்வு என்றால் அவர் சங்கடப்படாமல் சொல்வார். தமிழ்த் தாள் இல்லையென்றால் அது வரும்வரை சம்மதம் வேண்டாம். ஆபரேஷன் மட்டும் குறித்த தேதியில் நடக்கட்டும்.

கடைசியாக ஒரு கேள்வி, என்னைக் கேட்டால் முக்கியமானது இதுதான். "ஓராண்டு கழித்து அம்மாவைப் பார்ப்பது யார்?" பிஜி டாக்டர் படிக்கும் எம்.எஸ். என்ற சர்ஜரி மேற்படிப்பு மூன்று ஆண்டு. தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே ஆய்வறிக்கையைக் கொடுத்தாக வேண்டும். தலைப்புக்கு ஒப்புதல் வாங்கவே பல மாதம் போய்விடும். மிச்சமிருக்கும் காலத்தில் நோயாளிகளைச் சேர்த்து, ஓராண்டு பின்தொடர்வது எப்படி? அதனால் பல ஆய்வுகள் தையல் பிரிக்கும் நாளோடு, இல்லையென்றால் 30 நாளோடு நின்றுவிடுகின்றன. ஹெர்னியாவோ அதற்குப் பிறகுதான் தலைகாட்டும். அந்தப் பையன்மீது தவறில்லை. மூன்றாண்டுக்குள் முடி என்று சொல்லிவிட்டு, ஓராண்டு காத்திருக்க வேண்டிய கேள்வியை அவன் தலையில் கட்டும் ஏற்பாடுதான் தவறு.

எனவே படிவத்தில் பிஜியின் பெயரோடு அவருடைய வழிகாட்டிப் பேராசிரியரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கிறதா பாருங்கள். பிஜி படிப்பை முடித்துக்கொண்டு போய்விடுவார், பேராசிரியரின் யூனிட் இருக்கும். ஓராண்டில் கூப்பிட்டால், அம்மா நன்றாக இருந்தாலும் அழைத்துப்போங்கள். தொந்தரவு இருப்பவர்கள் மட்டும் திரும்பி வந்தால் கணக்கு தப்பாகிவிடும். வந்துபோகும் பஸ் செலவைத் தர விதி இடம் கொடுக்கிறது, கூச்சப்படாமல் கேளுங்கள். கூப்பிடாவிட்டால் நீங்களே டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு ஓபிக்குப் போய், அம்மாவைப் படுக்கவைத்து இருமச் சொல்லி, தழும்பில் புடைப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.