ஹெரால்டு சேசிஸ்: எஞ்சினைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

திசையன்விளையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணாச்சி, தாத்தாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் 20 வருசமாகக் கொட்டகையில் நிற்கிறது. சேசிஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்), சஸ்பென்ஷன் (சக்கரத்தைத் தாங்கும் வில், தண்டு) வேலையை வீட்டிலேயே செய்யலாமா? முதலில் எஞ்சினைப் பிரிக்கவா?”

தாராளமாகச் செய்யலாம். ஆனால் எஞ்சின் கடைசியில்தான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு மூடி வையுங்கள். ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசை இப்போது வேண்டாம்.

சென்னையில் தயாரான இந்த வண்டியில் ஒரு பெரிய வசதி உண்டு. அம்பாசிடர், பத்மினி போலப் பாடியே சேசிஸாக இருக்காது. தனிச் சேசிஸ் மேல் பாடி போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். அதைத் தூக்கி வைத்துவிட்டால் அடிப்பாகம் முழுக்கக் கண்முன்னே கிடக்கும். தூக்கும் முன் கதவு வாசல்களில் குறுக்கே இரும்புக் குழாய் கொடுத்து இறுக்கிவிடுங்கள். இல்லையென்றால் பாடி வளைந்து, பிறகு கதவு சேராது.

உவரிக் கடல் காற்று உங்கள் ஊர் வரை வரும். அதனால் துருவைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு ‘ணங்’ என்று சொல்லும். உள்ளே அரித்த இடம் ‘தொப்’ என்று அமுங்கும். பாடியைத் தாங்கும் பக்கவாட்டுக் கைகளில்தான் மண் சேர்ந்து ஈரம் தங்கும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி, பெட்ரோல் டேங்க் இரண்டையும் வண்டியிலிருந்து இறக்கிவிடுங்கள். காலி டேங்க்தானே என்று விடக்கூடாது; உள்ளே தங்கிய ஆவிக்கு ஒரு பொறி போதும்.

இனி முன்சக்கரம். இதற்குத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமரை, ட்ரன்னியன் என்கிற பித்தளைத் துண்டுக்குள் முறுக்கி நிற்கும். ஸ்டீரிங்கைத் திருப்பினால் அந்த மரையில்தான் சக்கரம் திரும்பும். அங்கே கிரீஸ் அடிக்கக்கூடாது, 90 கியர் ஆயில்தான். நம் பக்கம் நிப்பிளை, அதாவது ஆயிலோ கிரீஸோ ஏற்றும் சின்ன முனையைக் கண்டாலே கிரீஸ் கன்னைத் தூக்குகிறார்கள். பாளையங்கோட்டையில் நான் பிரித்த ஒரு ஹெரால்டில் கிரீஸ் காய்ந்து கல்லாகிக் கிடந்தது. அதற்கடியில் தண்ணீர் தங்கி, மரை பாதி ஆழத்துக்கு அரித்திருந்தது. அந்தத் தண்டு ஓட்டத்தில் முறிந்தால் சக்கரம் மடங்கிவிடும். கழற்றி, துடைத்து, மரையில் குழி தெரிந்தால் தயங்காமல் புதிது போடுங்கள். இடது, வலது துண்டுகளைக் கலந்துவிடாதீர்கள். மாட்டும்போது முழுக்க முறுக்கி, இரண்டு பக்கமும் தடையில்லாமல் திரும்பும் அளவுக்குப் பின்வாங்குங்கள். சுருள் வில்லைக் கழற்ற ஸ்பிரிங் கம்ப்ரஸர் கட்டாயம் வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்.

பிரேக் ரப்பர்கள் எல்லாமே புதிதாகட்டும். அவற்றை டீசலில் கழுவினால் ஊதிவிடும். பிரேக் ஆயிலே போதும்.

கம்பி பிரஷ் போட்டுத் துரு எடுத்த அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள், ராத்திரி தாண்டினால் மறுபடி பழுப்பேறும். ஆடிக் காற்றில் தேரியின் செம்மணல் பறக்கும்போது மேல் பெயிண்ட் வேண்டாம்.

ஒன்று விட்டுப்போச்சு. சேசிஸ் நம்பர் மேல் கிரைண்டர் படவே கூடாது. டீசல் எஞ்சினுக்கு மாற்றச் சொல்வார்கள், கேட்காதீர்கள். 50 வருசம் தாண்டிய வண்டிக்கு ‘விஏ’ எழுத்தோடு விண்டேஜ் பதிவு தரும் விதி 2021-இல் வந்திருக்கிறது. சேசிஸையோ எஞ்சினையோ மாற்றியமைத்த வண்டிக்கு அது கிடைக்காது.