ஈரத் தலையோடு லோக்கல் ரயில் பிடிக்கலாமா?

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறேன். வயது 34. முடி இடுப்புக்குக் கீழே வரும். வியர்வை தாங்காமல் வாரத்தில் மூன்று நாள் காலையில் தலைக்குக் குளிக்கிறேன். ஏழரைக்குக் கிளம்பினால்தான் ரயிலைப் பிடிக்க முடியும். மழைக்காலத்தில் மத்தியானம் வரை முடி காய்வதே இல்லை. ஈரத்தோடு இறுக்கிப் பின்னிக்கொண்டு ஓடுகிறேன்; சாயங்காலம் அவிழ்த்தால் ஒரு வாடை. ஹேர் ட்ரையரை முழுச் சூட்டில் வைத்தால் சீக்கிரம் காய்கிறது, ஆனால் நுனியெல்லாம் பிளக்கிறது. "தானாகக் காயட்டும், மிஷின் முடியைப் பொசுக்கிவிடும்" என்கிறார் அம்மா. போதாக்குறைக்கு முடியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது. பேனும் இல்லை, பொடுகும் இல்லை. என்ன செய்வது?

மருத்துவர் பதில்: மொட்டை மாடியில் முடியை விரித்துப்போட்டு நின்றால் அரை மணியில் காய்ந்துவிடும் ஊரில் பிறந்த அறிவுரை அம்மாவுடையது. ஜூலை மாத மும்பையில் கொடியில் போட்ட துணியே மூன்று நாளைக்கு ஈரவாடை அடிக்கிறது. முடி மட்டும் எப்படிக் காயும்?

நனைந்த முடி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை தண்ணீரை உள்ளே இழுத்து உப்பிக்கொள்ளும். மேலே ஓடு வேய்ந்ததுபோல் படிந்திருக்கும் செதில்கள் அப்போது லேசாக விரிந்து நிற்கும். இழுத்தால் ரப்பர்போல் நீளும், பிறகு அறுந்துபோகும். ஆக, ஈரமாக இருக்கும் நேரம்தான் முடிக்கு ஆபத்தான நேரம். 2011-இல் கொரியாவில் வெட்டியெடுத்த முடிக்கற்றைகளை 30 முறை நனைத்து உலர்த்திப் பார்த்தார்கள். 5 சென்டிமீட்டர் தூரத்தில் ட்ரையர் பிடித்தபோது காற்றின் சூடு 95 டிகிரி; மேற்பரப்பு நன்றாகவே சேதமாயிற்று. 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து அசைத்துக்கொண்டே இருந்தபோது சூடு 47 டிகிரிதான், சேதமும் குறைவு. தானாகக் காயவிட்ட கற்றைகளில் மேற்பரப்பு நன்றாக இருந்தாலும், செல்களை ஒட்டவைக்கும் உள்படலம் கெட்டிருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் அம்மாவிடம் காட்டலாம்!

என் அனுபவத்தில் ட்ரையரைவிட அதிக முடியைக் கெடுப்பது துண்டு. முடியை முன்னால் போட்டுத் துண்டால் 'பட் பட்'டென்று அடிப்பதும், பரபரவென்று தேய்ப்பதும், முறுக்கிப் பிழிவதும் வேண்டாம். குளித்ததும் விரல்களால் வழித்துத் தண்ணீரை இறக்குங்கள். பிறகு துண்டில் சுற்றி, மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்குங்கள். தடித்த பூந்துண்டைவிட நம் ஈரிழைத் துண்டு மெல்லியது, உரசலும் குறைவு. ஒன்று நனைந்ததும் அடுத்ததற்கு மாறுங்கள். காலை டிபன் முடிகிற வரை துண்டு தலையிலேயே இருக்கட்டும்.

பிறகு ட்ரையர். முதலில் மண்டையோட்டுப் பக்கம், அதாவது வேர்கள், நுனி கடைசியில். ஒரு சாணுக்குச் சற்றே குறைவான தூரம், நடுத்தரச் சூடு, ஒரே இடத்தில் நிறுத்தாத கை. முக்கால்வாசி காய்ந்ததும் விட்டுவிடுங்கள். நனைந்த குளியலறைக்குள் அதைக் கொண்டுபோகாதீர்கள். ஈர முடியில் ஸ்ட்ரெய்ட்னர் கூடவே கூடாது. உள்ளேயிருக்கும் நீர் கொதித்து முடித்தண்டில் குமிழி விடும், அந்த இடத்தில் ஒடியும். வீட்டில் ஏசி இருந்தால் 'ட்ரை' மோடில் போட்டு, ஃபேனையும் சுழலவிடுங்கள். ஈரக் காற்றையே சுற்றிவிடும் ஃபேனால் மட்டும் மழைக்காலத்தில் பெரிய பயன் இல்லை.

இதையெல்லாம்விடச் சுலபம், வேலை விட்டு வந்ததும் சாயங்காலமே தலைக்குக் குளிப்பது. "நீர் கோத்துக்கொள்ளும்" என்பார்கள். மண்டையோட்டுக்குள் தண்ணீர் இறங்காது, அது உறுதி. ஆனால் தலைக்குக் குளித்ததும் தலைவலி வருவது கற்பனையல்ல: மும்பைத் தலைவலி நிபுணர் ஒருவரே 2006-இல் இப்படி ஒற்றைத் தலைவலி தூண்டப்பட்ட 94 பேரைப் பற்றி எழுதியிருக்கிறார். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லையென்றால் தயங்க வேண்டாம்; படுப்பதற்குள் காய்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான். சாம்பிராணிப் புகை போடுவது பற்றியும் சிலர் கேட்பார்கள். காயவைப்பது கரியின் சூடு. ஆஸ்துமா இருப்பவர்கள் உள்ள வீட்டில் அந்தப் புகை வேண்டாம்.

குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் தடவுவது நல்ல பழக்கம். அது முடிக்குள் ஊடுருவி, புரதம் கரைந்துபோவதைக் குறைக்கிறது. 2003-இல் மும்பையிலேயே இதைச் சோதித்து எழுதினார்கள். செய்தது தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவசர நாளில் ஈரத்தோடுதான் கிளம்ப வேண்டுமென்றால், பின்னாமல் ஒரு பெரிய கிளிப்பில் தளர்வாகச் செருகி, லேடீஸ் பெட்டியில் யார் முகத்திலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அலுவலகம் போனதும் அவிழ்த்துவிடுங்கள். ஈரப்பின்னலின் உட்புறம் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக இருக்கும். வியர்வையும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தால் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் கொண்டாட்டம். அந்த வாடை அங்கிருந்துதான் வருகிறது.

வெள்ளையாக ஒட்டியிருப்பதை இங்கிருந்தே தீர்மானிக்க மாட்டேன். மிருதுவாக, விரலால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வருகிறதென்றால் 'வெள்ளைப் பீட்ரா' என்ற பூஞ்சையாக இருக்கலாம். முடியை ஈரத்தோடு கட்டிவைக்கும் பெண்களிடம் நம் நாட்டில் இதைப் பார்க்கிறோம். ஒரு முடியை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் தெரிந்துவிடும். மொட்டை அடிக்கச் சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள். பூஞ்சைக்கான மாத்திரையிலும் ஷாம்புவிலும் பலருக்குச் சரியாகிறது. சீப்பும் தலையணை உறையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தோல் மருத்துவரிடம் போகும் வாரத்தில் பொடுகு ஷாம்பு போட வேண்டாம், அன்றைக்கு எண்ணெயும் வேண்டாம்.