பாஸ்வேர்டு மறந்தால் ஃபார்மட்தான் வழியா? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, எங்களுக்கு மாங்காய் மண்டி. கணக்கெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில், டேலியில். சீசன் முடிந்தால் அதை யாரும் தொடுவதில்லை. இப்போது தோப்பில் பூ எடுத்திருக்கிறதே, போன வருஷக் கணக்கைப் பார்க்கலாம் என்று திறந்தால் பாஸ்வேர்டு ஞாபகமில்லை. விண்டோஸ் 10. பாஸ்வேர்டு போட்ட தம்பிக்கும் நினைவில்லை. கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் கேட்டதற்கு, ஃபார்மட் அடித்தால்தான் உண்டு, டேட்டாவுக்குப் பொறுப்பில்லை என்கிறார்கள். தோப்புக்காரர்களுக்குக் கொடுத்த அட்வான்ஸ் முழுக்க அதில்தான் இருக்கிறது. என்ன செய்வது?
- மண்டிக்காரர், காவேரிப்பட்டினம்

பதில்: ஃபார்மட்டுக்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள். உங்கள் அட்வான்ஸ் கணக்கு ஹார்டு டிஸ்க்கில் அப்படியே இருக்கிறது. பாஸ்வேர்டு கேட்பது விண்டோஸ். விண்டோஸையே ஓட விடாமல் வேறு வழியாக உள்ளே போனால் கேட்க ஆளில்லை. டிஸ்க்கை பிட்லாக்கர் என்ற விண்டோஸின் பூட்டு போட்டுப் பூட்டியிருந்தால் இது நடக்காது, அதைப் பற்றி அடுத்த பதிலில் சொல்கிறேன்.

முதலில் சின்ன விஷயங்கள். லாகின் திரையில் வலது கீழ் மூலையில் எந்த மொழி என்று பாருங்கள். வீட்டில் யாராவது தமிழ் டைப்பிங்குக்காகத் தமிழ் விசைப்பலகை சேர்த்திருந்தால், லாகின் பெட்டியிலும் அதுவே வந்து நிற்கும். நீங்கள் ஆங்கிலம் என்று நினைத்து அடிப்பதெல்லாம் உள்ளே தமிழ் எழுத்தாக விழும், புள்ளி புள்ளியாகத் தெரிவதால் கண்டுபிடிக்கவும் முடியாது. ஓரத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்திப் பிடித்தால் என்ன விழுகிறது என்று காட்டும். கேப்ஸ் லாக், நம்லாக் (Num Lock) இரண்டையும் பார்த்துவிடுங்கள். சரியான பாஸ்வேர்டைத் தப்பாக அடித்துக்கொண்டு மறந்துவிட்டதாக நினைப்பவர்கள் நிறையப் பேர்.

அதுவும் இல்லையென்றால், வேண்டுமென்றே ஒருமுறை தப்பாக அடித்து ஓகே கொடுங்கள். பெட்டிக்குக் கீழே 'ரீசெட் பாஸ்வேர்டு' என்று வந்தால் யோகம்தான். 2018இல் வந்த ஒரு அப்டேட்டிலிருந்து, கம்ப்யூட்டரிலேயே உருவாக்கும் லோக்கல் கணக்குக்கு மூன்று ரகசியக் கேள்விகளை விண்டோஸ் 10 கேட்டு வைத்துக்கொள்கிறது. பிறந்த ஊர், படித்த முதல் பள்ளி, சின்ன வயசுச் செல்லப் பெயர், இந்த மாதிரி. தம்பியைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், பதில் சொன்னது அவர்தானே. உங்கள் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் பட்டினம் என்றும் எழுதுகிறார்கள், பட்ணம் என்றும் எழுதுகிறார்கள், இரண்டையும் போட்டுப் பாருங்கள். மூன்றுக்கும் பதில் பொருந்தினால் புதுப் பாஸ்வேர்டு கேட்கும், அவ்வளவுதான். ரீசெட்டுக்குப் பதிலாக 'ஐ ஃபர்காட் மை பாஸ்வேர்டு' என்று வந்தால் அது மைக்ரோசாப்ட் கணக்கு. போனிலேயே மைக்ரோசாப்ட் தளத்துக்குப் போய் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் இன்டர்நெட்டை இணைத்துப் புதியதைப் போடுங்கள்.

இரண்டும் நடக்கவில்லையா, அப்போது லினக்ஸ், விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை ஓட்டும் இன்னொரு சிஸ்டம். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று வாங்கி, வேறு கம்ப்யூட்டரில் லினக்ஸ் வகைகளான லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவை இறக்கி, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் அதில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஏற்றும்போது பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், காலி டிரைவாகப் பாருங்கள். அதை உங்கள் கம்ப்யூட்டரில் சொருகி, ஆன் செய்தவுடன் பூட் மெனு விசையை விடாமல் தட்டுங்கள்: டெல், லெனோவா என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9, அசூஸ் லேப்டாப் என்றால் எஸ்கேப். திரையில் 'இன்ஸ்டால்' என்று என்ன கேட்டாலும் அந்தப் பக்கமே போகாதீர்கள், 'டிரை' அல்லது 'லைவ்' மட்டும். லினக்ஸ் பென் டிரைவிலிருந்தே ஓடும், ஹார்டு டிஸ்க்கில் எதையும் எழுதாது. ஃபைல் மேனேஜரைத் திறந்தால் உங்கள் சி டிரைவ் தெரியும், வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றை இணைத்து வேண்டியதைக் காப்பி எடுங்கள்.

இங்கேதான் டேலிக்காரர்கள் கோட்டை விடுகிறார்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்துவிட்டு, நிம்மதியாக விண்டோஸை மாற்றிப் போட்ட பிறகு டேலியைத் திறந்தால் கம்பெனியே இருக்காது. டேலி டேட்டா பெரும்பாலும் உங்கள் பெயருள்ள ஃபோல்டரில் இருப்பதில்லை. சி டிரைவ், யூசர்ஸ், அதற்குள் பப்ளிக், அதற்குள் டேலி ஃபோல்டர், அதில் டேட்டா. உள்ளே 10000 மாதிரி எண் பெயரில் ஃபோல்டர்கள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி. பப்ளிக் ஃபோல்டரை முழுசாகவே அள்ளிவிடுவது நல்லது. டேலிக்கென்று தனிப் பாஸ்வேர்டு போட்டிருந்தால் அது வேறு சங்கதி, அது ஞாபகம் இருக்க வேண்டும்.

எடுத்த காப்பியை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. லாகின் திரையில் பவர் பொத்தானைத் தொட்டு, ஷிஃப்டை அழுத்திப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட்டில் 'ரீசெட் திஸ் பிசி' இருக்கும். அதில் 'கீப் மை ஃபைல்ஸ்' என்று ஆசை காட்டும். அதைத் தேர்ந்தால் பழைய யூசர் கணக்கும் அதே பாஸ்வேர்டும் அப்படியே திரும்ப வந்து நிற்கும், உழைப்பு வீண். 'ரிமூவ் எவ்ரிதிங்' தான். அதற்குத்தான் காப்பி முதலில் என்கிறேன். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது, கம்ப்யூட்டர் தாங்கும் என்றால் இதே சாக்கில் 11க்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: மகள் கல்லூரிக்காக வாங்கிய விண்டோஸ் 11 லேப்டாப். பின் நம்பர் மறந்துவிட்டது. என் மச்சான் பயாஸில் போய் எதையோ மாற்றினார், இப்போது நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. நாங்கள் அப்படி எதையும் போடவே இல்லையே சார்?
- ஒரு தகப்பனார், ஓசூர்

பதில்: நீங்கள் போடவில்லை, விண்டோஸே போட்டுக்கொண்டது. புது லேப்டாப்பை மைக்ரோசாப்ட் கணக்கால் தொடங்கும்போது பல மாடல்களில் டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்கிறது (மேலே சொன்ன பிட்லாக்கர் பூட்டு இதுதான்), சாவியை அந்தக் கணக்கிலேயே சேமித்துவிடுகிறது. பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை அமைப்பில், மாற்றம் தெரிந்ததும் சந்தேகப்பட்டுச் சாவி கேட்கிறது. மச்சான் எதை மாற்றினார் என்று நினைவிருந்தால் பழையபடி வைத்துப் பாருங்கள், சில சமயம் அதிலேயே சரியாகிவிடும்.

இல்லையென்றால் போனில் மகளின் மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து டிவைசஸ் பகுதியில் 'ரிகவரி கீ' தேடுங்கள். நீலத் திரையில் ஒரு கீ ஐடி இருக்கும், அதன் முதல் 8 எழுத்துகள் பொருந்தும் சாவிதான் உங்களுடையது. அங்கே இல்லையென்றால், முதல் நாள் லேப்டாப்பைத் தொடங்கியது யார் மெயிலில் என்று யோசியுங்கள். கல்லூரி கொடுத்த மெயில் என்றால் கல்லூரிக் கம்ப்யூட்டர் பிரிவில் கேட்க வேண்டும். கடையில் "நானே செட் பண்ணித் தர்றேன்" என்று அவர்கள் மெயிலைப் போட்டிருந்தால் அந்தக் கடைக்குத்தான் போக வேண்டும், இது நம் பக்கத்தில் சாதாரணமாக நடக்கிறது. சாவி எங்குமே கிடைக்கவில்லை என்றால் மேலே சொன்ன லினக்ஸ் வித்தையும் பலிக்காது, டேட்டா போனது போனதுதான். அதை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது அட்வான்ஸ் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: அப்பா தவறி இரண்டு மாதம் ஆகிறது. அவர் கம்ப்யூட்டரில் குடும்பப் படங்கள் எல்லாம் இருக்கின்றன, பாஸ்வேர்டு எங்கள் யாருக்கும் தெரியாது. மைக்ரோசாப்ட்டுக்கு இறப்புச் சான்றிதழ் அனுப்பினால் திறந்து தருவார்களா?
- வாசகி, தர்மபுரி

பதில்: வருத்தமாக இருக்கிறதம்மா. சான்றிதழை மட்டும் வைத்துத் தர மாட்டார்கள், நீதிமன்ற உத்தரவு கேட்பார்கள். ஆனால் அதுவரை போகத் தேவையிருக்காது. பழைய டெஸ்க்டாப் என்றால் பெரும்பாலும் டிஸ்க் பூட்டியிருக்காது, மண்டிக்காரருக்குச் சொன்ன லினக்ஸ் வழியிலேயே படங்கள் வந்துவிடும்.

அதைவிட அவசரம் ஒன்று இருக்கிறது. அப்பாவின் சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வையுங்கள். அவர் மெயிலுக்கான ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். எண் கைவிட்டுப்போய் வேறு யாருக்காவது ஒதுக்கப்பட்டுவிட்டால் பிறகு எதையும் மீட்க முடியாது. மைக்ரோசாப்ட் கணக்கில் இரண்டு வருஷம் யாரும் நுழையாவிட்டால் அதையும் மூடிவிடுவார்கள்.

கேள்வி: 'மைக்ரோசாப்ட் ஹெல்ப்லைன்' என்று தேடினால் வந்த எண்ணுக்குப் போன் செய்தேன். எனிடெஸ்க் போடச் சொல்லி, 5 ரூபாய் கட்டினால் பாஸ்வேர்டை ரீசெட் செய்கிறேன் என்கிறார். கட்டலாமா?
- பாலக்கோடு வாசகர்

பதில்: கட்டாதீர்கள். எனிடெஸ்க் என்பது வேறொருவர் தூரத்திலிருந்தே உங்கள் கருவியை இயக்க விடும் செயலி. போனில் அதைப் போட்டிருந்தால் உடனே நீக்குங்கள், பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு இந்த நிமிஷமே அழையுங்கள். மைக்ரோசாப்ட் ஆட்கள் உங்களுக்காகப் பாஸ்வேர்டை மாற்றித் தருவதே கிடையாது, அது அவர்கள் விதியிலேயே இருக்கிறது. கணக்கு மீட்புப் படிவத்தை நீங்கள்தான் நிரப்ப வேண்டும், ஒரு பைசா செலவில்லை, பதில் வழக்கமாக 24 மணி நேரத்தில் மெயிலுக்கு வந்துவிடும்.

கேள்வி: மறந்த பிறகு அலைவதற்குப் பதில் முன்னாலேயே ஏதாவது செய்துவைக்க முடியாதா?
- அரூர் வாசகி

பதில்: முடியும். லோக்கல் கணக்கு என்றால், உள்ளே நுழைந்திருக்கும்போதே ஸ்டார்ட்டில் 'கிரியேட் எ பாஸ்வேர்டு ரீசெட் டிஸ்க்' என்று தேடி ஒரு பென் டிரைவில் செய்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பாஸ்வேர்டை எத்தனை தடவை மாற்றினாலும் அதே டிரைவ் போதும். ஆனால் அது யார் கையில் கிடைத்தாலும் உங்கள் கம்ப்யூட்டர் திறக்கும், அதனால் கம்ப்யூட்டர் மேசை டிராயரில் போட்டுவைக்காமல் பீரோவில் பத்திரத்தோடு வையுங்கள்.